அழுக்கென்று தோண்டியது

போன மாதக் கல்யாணத்திலும் அந்தக் கதை வந்துவிட்டது. இரண்டாம் பாயசமாகப் பிரதமன் ஊற்றி, அதில் பப்படத்தை நொறுக்கிப் பிசைந்துகொண்டிருக்கும்போது நம்மில் ஒருவர்தான் தொடங்கினார். "நம்ம பெரியப்பாவுக்க பிளசர்ல சாமானைக் களவாண்டுட்டு, பிடிச்சுக் கேட்டதும் பைய திருப்பிக் கொண்டு வச்சானே ஒரு டிரைவரு..." என்று. பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியப்பாவின் புத்தியை மெச்சினார்கள். எனக்கு இலையை மடக்கிவிட்டு எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. மூட்டுவலியால் எழ முடியவில்லை.

எழுபது வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு கல்யாணத்திலும் அந்த மனிதர் இன்னொரு தடவை திருடுகிறார். நம் வயதில் மிச்சம் இருப்பது ஐந்து பேர். அந்த ஐந்து பேரும் அன்று கிணற்றடியில் இருந்தவர்கள். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். பேரப்பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்கள் மேல்தான் கோபம்.

பெரியப்பா அந்த மோட்டாரை வாங்கியது சீமைக்குத் திரும்பக் கப்பலேறிய ஒரு தோட்டத் துரையிடம். மடக்கித் திறக்கிற கித்தான் கூரை, கால் வைத்து ஏறப் பக்கவாட்டில் ஒரு படி, ரப்பர் பந்தை அமுக்கினால் வாத்து மாதிரிக் கத்துகிற ஹாரன். பிளசர் என்று பேர். நம் தெருவுக்குள் அதற்கு முன்னால் மோட்டார் வந்தது கிடையாது. தோல் இருக்கையும் பெட்ரோலும் கலந்து ஒரு வாசனை வரும். அந்த வாசனைக்காகவே நாம் வண்டிப்புரையைச் சுற்றிச் சுற்றி வருவோம். அந்த ஹாரன் பந்து இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. கதையை மட்டும் எல்லோரும் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்.

டிரைவர் கோட்டாற்றுக்காரர். சாயிபு வீட்டுப் பிள்ளை. கொழும்பில் ஒரு மோட்டார் பட்டறையில் ஆறேழு வருஷம் வேலை கற்றுவிட்டு வந்தவர். இருபத்தைந்து வயது இருக்கலாம். வீட்டில் எல்லோரும் அவரை 'அவன்' என்றார்கள், இன்றைக்கும் நீங்கள் அப்படித்தான் சொல்கிறீர்கள். நான் 'அவர்' என்றுதான் எழுதப்போகிறேன். பிடிக்காதவர்கள் இத்தோடு காகிதத்தை மடித்து வைத்துவிடலாம்.

அவருக்குத் தேங்காய்ப்பட்டணத்தில் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெரியப்பா வீட்டு மோட்டார் ஓட்டுகிற பையன் என்பதற்காகவே பெண்ணின் வாப்பா சம்மதித்தாராம். அதைக் கேட்டு நாம் கேலி செய்வோம். அவர் குனிந்துகொண்டு, ஏற்கெனவே துடைத்த விளக்கையே திரும்பவும் துடைப்பார்.

அந்த வருஷம் கன்னிப்பூ நெல் அறுப்பு நன்றாக இருந்தது. பத்தாயம் நிறைந்த சந்தோஷத்தில் பெரியப்பா சரஸ்வதி பூசையைப் பெரிதாகக் கொண்டாட நினைத்தார். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அஷ்டமி அன்று சாயங்காலம் பூசை வைப்பு, தசமி காலையில் பூசை எடுப்பு. நடுவில் வைத்த பொருளை யாரும் தொடக்கூடாது. ஏர்க்கொழு, அரிவாள், மரக்கால், நம் பாடப்புத்தகங்கள் எல்லாம் பூசை அறைக்குள் போய்விடும். படிக்க வேண்டாம் என்று நமக்குக் கொண்டாட்டம்.

மோட்டார் மட்டும் உள்ளே போக முடியாது. முந்தின வருஷம் அதைப் புரையில் நிறுத்திச் சந்தனம் தெளித்ததோடு சரி. பெரியப்பாவுக்கு அதில் திருப்தி இல்லை. டிரைவரைக் கூப்பிட்டார்.

"ஏலே, இந்த வண்டிக்கு உயிரு எதுல இருக்கு?"

"பிளக்குலதான் மொதலாளி. அதுல பொறி விழுந்தாத்தான் எஞ்சின் ஓடும்."

"அப்போ அதைக் கழத்திக் கொண்டா. பூசையில வைக்கணும்."

"கழத்தாண்டாம் மொதலாளி. அதுக்க இருப்பு எளகிரும்."

"சாமிக்கு வைக்கதுக்கு உனக்கு என்னலே நோக்காடு?"

டிரைவர் நாலு பிளக்கையும் கழற்றி, ஒரு வெள்ளைத் துணியில் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து பின்வாசலில் வைத்தார். மேலே வெள்ளைப் பீங்கான், கீழே இரும்பு மரை. மரை முடிகிற இடத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு செம்பு வளையம், மெட்டி அளவுக்கு.

அத்தை வந்தாள். பெரியப்பாவின் தங்கை. புருஷன் செத்து அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். வீட்டில் சுத்தத்துக்கு அவள்தான் அதிகாரி. வெள்ளைத் துணியைக் காலால் ஒதுக்கிவிட்டு, பிளக்குகள் மேல் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள்.

"கோட்டாத்துக்காரன் கை பட்டது. நல்லா விளக்குங்க பிள்ளியளே."

கிணற்றடியில் நாம் ஐந்து பேரும் குத்துவிளக்கு, மணி, தாம்பாளம் எல்லாவற்றையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தோம். அதே தேங்காய்த் தும்பால் பிளக்கையும் தேய்த்தோம். செம்பு வளையங்களைத் தனியாகக் கழற்றியது யார் என்று நான் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். வளையம் புது வளையல்போலப் பளபளவென்று வந்தது. ஆனால் உள்விளிம்பில் ஒரு மெல்லிய வாய் இருந்தது. அதற்குள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ அடைத்திருந்தது.

"எம்மாடி, எம்புட்டு அழுக்கு!" என்றாள் அத்தை. சாவிக்கொத்திலிருந்து ஊக்கைக் கழற்றி என்னிடம் தந்தாள். "உனக்க வெரல்தான் சின்னது. நீ தோண்டு மக்கா."

தோண்டினேன். பஞ்சு மாதிரி, நார் மாதிரி வந்தது. நாலு வளையத்தையும் ஒரு பொட்டு மிச்சம் இல்லாமல் தோண்டி எடுத்தேன். அதைச் சாம்பலோடு சேர்த்து வாழை மூட்டில் கொட்டினோம். அத்தை என் கன்னத்தைத் தொட்டு மெச்சினாள். அவள் என்னை மெச்சியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

தசமி காலையில் பிளக்குகள் சந்தனம் குங்குமத்தோடு திரும்பி வந்தன. டிரைவர் ஒரு வளையத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போனது.

"இதுக்குள்ள இருந்த நாரு எங்க?"

"நாரா? அழுக்குல்லா கெடந்துச்சு. எல்லாம் களஞ்சாச்சு," என்றாள் அத்தை.

"அது அழுக்கு இல்ல. அது இல்லாம வண்டி ஓடுனா காத்து..."

"பூசையில வச்ச சாமானைக் குத்தம் சொல்லாதே. வாய் அழுகிப் போவும்."

அவர் வெறும் வளையத்தோடு நாலு பிளக்கையும் மாட்டி இறுக்கினார். அன்றைக்குக் குழித்துறைக்குப் பயணம். பெரியப்பாவின் மூத்த மகனுக்குப் பெண் பார்க்க. பத்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று நேரம் குறித்திருந்தது. பெரியப்பா முன் இருக்கையில். பின்னால் பெரியம்மையும் என் அம்மையும். அழுது அடம்பிடித்ததால் நான் அவர்கள் காலடியில்.

ஊர் தாண்டும் முன்பே அந்தச் சத்தம் தொடங்கிவிட்டது. சூடான கல்லில் தோசைமாவு விழுகிற மாதிரி ஸ்ஸ், ஸ்ஸ், ஸ்ஸ். தக்கலைக்குப் போகிற ஏற்றத்தில் சத்தம் கூடிக்கூடி, வண்டி திக்கித் திணறி நின்றது.

இனி ஆளுக்கு ஆள் வைத்தியம். பின்னால் வைக்கோல் வண்டி ஓட்டி வந்தவர் இறங்கி வந்து, "சக்கரத்துல காத்துப் போவுது வே," என்றார். பெரியப்பா, "வெள்ளம் கொதிக்குது," என்றார். பெரியம்மை காலை இருக்கைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, "நாகருக்க ஊருல இருந்துல்லா வாறோம், உள்ள ஏதோ இருக்கு," என்றாள்.

டிரைவர் நாலு சக்கரத்தையும் கட்டைவிரலால் அமுக்கினார். தண்ணீர் மூடியில் துணியைப் போட்டுத் திறந்து பார்த்தார். எஞ்சினைக் கைப்பிடி போட்டுச் சுற்றி மறுபடி எழுப்பி, காது கொடுத்து நின்றார். அப்புறம் பெரியப்பாவிடம் சொன்னார்: "சக்கரத்துல காத்துப் போனா வண்டி நின்னாலும் சத்தம் கேக்கணும். இது எஞ்சின் நின்னா நிக்குது. ஓட்டம் கூடுனா கூடுது. சீக்கு எஞ்சினுக்க தலையிலதான்."

வழியோரத்தில் ஒரு பப்பாளி நின்றது. அதில் ஒரு இலைக்காம்பை ஒடித்து இரண்டு முனையையும் நறுக்கினார். உள்ளே குழல். ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறு முனையை ஒவ்வொரு பிளக்கின் அடியிலும் கொண்டுபோனார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பதை நான் அதற்கப்புறம்தான் பார்த்தேன். மூன்றாவது பிளக்கில் நின்றார். என்னைப் பார்த்து, "வாறியா? கேளு," என்றார். காதில் வைத்தேன். யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. கையில் பப்பாளிப்பால் பிசுபிசுத்தது. அடுத்து எண்ணெய்க் குப்பியிலிருந்து அந்தப் பிளக்கின் அடியில் சொட்டுச் சொட்டாக விட்டார். எண்ணெய் முட்டை முட்டையாகக் கொப்புளித்தது. மற்ற மூன்றிலும் கொப்புளம் சின்னது, ஆனால் இருந்தது.

"உள்ள வெடிக்க வெடி வெளியே ஒழுகுது மொதலாளி. அந்தச் செம்பு வளையம், வாசரு, இருந்தும் இல்லாத்த மாதிரி." பெரியம்மை பக்கம் திரும்பிச் சொன்னார்: "புட்டுக்கொடத்துக்க கழுத்துல துணி சுத்தாம கொழலை வச்சா ஆவி போவும்லா? அதேதான்."

நம் பக்கத்தில் புட்டு அவிக்காத வீடு உண்டா? இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் சொல்ல முடியுமா? பெரியம்மைக்குப் புரிந்தது. "ஆமா, அது செரிதான்," என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. பெரியப்பாவுக்கும் கேட்டது.

ஆனால் பெரியப்பாவின் மனசு அங்கே இல்லை. பத்து மணி தாண்டிவிட்டது. கடைசியில் அந்த வைக்கோல் வண்டியில்தான் ஏறினோம். தோளில் கரைபோட்ட நேரியலெல்லாம் வைக்கோலோடு பெரியப்பா பெண் வீட்டு முற்றத்தில் இறங்கியதும், அந்த வீட்டு மனுஷர் ஒருவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "மோட்டார்லல்லா வாறதாட்டு சொன்னாவ?" என்று கேட்டார். உள்ளே பெண்கள் சிரித்தார்கள். சம்பந்தம் முடியவில்லை. அதற்கு அவர்கள் சொன்ன காரணம் வேறு. பெரியப்பாவுக்கு மட்டும் அந்தச் சிரிப்புத்தான் காரணம்.

பிளசரை மாடு கட்டி இழுத்து வந்தார்கள். மறுநாள் காலை வண்டிப்புரை முன்னால் விசாரணை. ஊர் வழக்கெல்லாம் தீர்த்து வைக்கிறவர் இல்லையா, அதே தோரணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார் பெரியப்பா.

"என்னலே போச்சு?"

"வாசருக்குள்ள இருந்த சாமான் போச்சு மொதலாளி."

"எப்படிப் போச்சு?"

டிரைவர் அத்தையைப் பார்த்தார். சொல்லவும் முடியாமல், சொல்லாமல் இருக்கவும் முடியாமல், "விளக்கும்போ போயிருக்கும்," என்றார்.

"நான் அழுக்கைத்தான் எடுத்தேன், சாமானையா எடுத்தேன்?" என்று அத்தை மூக்கைச் சிந்தினாள். "பூசைக்குச் சுத்தம் செய்ததுக்கு எனக்குக் கள்ளிப் பட்டமா?"

அப்போது நான் பேசினேன். நீங்கள் நால்வரும் தூணோடு தூணாக நின்றீர்கள். நான் முன்னால் போய்ச் சொன்னேன்: "ஊக்கை வச்சு நான்தான் தோண்டினேன் பெரியப்பா. பஞ்சு மாதிரி வந்துச்சு. வாழை மூட்டுல கொட்டினோம்."

பெரியப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அன்று எனக்கு அர்த்தம் தெரியவில்லை. "ஏட்டி, நீ உள்ள போ," என்றார். அம்மை என் தொடையைக் கிள்ளி இழுத்துக்கொண்டு போனாள். கிள்ளின இடம் நாலு நாள் நீலமாகக் கிடந்தது.

உள்ளே போனாலும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். "ஒரு நாழிகை தாங்க மொதலாளி, செரியாக்கித் தாறேன்," என்று டிரைவர் கோட்டாற்றுக்கு ஓடினார். அங்கே ஒரு அரிசி மில்லில் எஞ்சினுக்குச் சுற்றுகிற, சூட்டில் கருகாத கல்நார்க் கயிறு இருக்கும். அதில் ஒரு முழம் கேட்டு வாங்கி வந்தார். சிரட்டைக் கனலில் செம்பு வளையங்களைப் பழுக்கக் காட்டி, தண்ணீரில் போட்டு எடுத்தார். செம்பு இளகுமாம். நாரைப் பிரித்து, திரி திரிப்பதுபோலத் திரித்து, வளையத்தின் வாய்க்குள் சுற்றிச் சுற்றி அடைத்தார். வாயை மூடித் தட்டினார். நாலு பிளக்கையும் மாட்டி இறுக்கினார். கைப்பிடியைச் சுற்றியதும் எஞ்சின் எழுந்தது.

ஸ்ஸ் இல்லை. எண்ணெய் விட்டுக் காட்டினார், கொப்புளம் இல்லை. வேர்த்து வடிந்த முகத்தோடு பெரியப்பாவைப் பார்த்துச் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சரியாகப் போட்ட பிள்ளையின் சிரிப்பு அது.

பெரியப்பா எழுந்தார். "காலையில சாமான் போச்சுன்னியே. இப்போ எங்க இருந்துலே வந்துச்சு?"

"அரிசி மில்லுல இருந்து மொதலாளி. வேணும்னா கேட்டுப் பாருங்கோ."

"கேக்காண்டாம். களவாண்டவனே திருப்பி வச்சுட்டான், கொள்ளாம். நீ போயிரு."

டிரைவருக்கு முதலில் புரியவே இல்லை. "களவாண்டா அதை நான் எங்க கொண்டு விப்பேன் மொதலாளி? ஒரு சக்கரம் காசு பெறாத்த நாரு," என்றார். "போயிருன்னேன்," என்றார் பெரியப்பா. அவர் கைப்பிடியைத் துடைத்து, இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். பாருங்கள், பழுது பார்த்ததுதான் அவர் செய்த குற்றம். சரியாக்காமல் விட்டிருந்தால் கையாலாகாதவன் என்ற பேரோடு தப்பியிருப்பார். சரியாக்கினதால் கள்ளன் ஆனார். இதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு வெப்ராளமாக வருகிறது.

ஐப்பசி மழை தொடங்கிய பிறகு ஒருநாள் அவருடைய உம்மா வந்தாள். பின்வாசலில் தென்னோலைக் குடையோடு நின்றாள். வேலை கேட்கவில்லை, சம்பளம் கேட்கவில்லை. "தேங்காய்ப்பட்டணத்துக்காரவ கல்யாணத்தை நிறுத்தப் போறாவ. எனக்க மவன் கள்ளன் இல்லன்னு மொதலாளி ஒரு வாக்கு சொன்னா போரும். நான் போய்ச் சொல்லிக்கிடுவேன். ஒரு வாக்கு," என்றாள்.

அத்தை உள்ளே போய்விட்டு வந்து, "அண்ணன் இல்ல, வெளியூரு," என்றாள். பெரியப்பா நடு அறையில் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். பாக்குவெட்டிச் சத்தம் பின்வாசல் வரை கேட்டது. உம்மாவுக்கும் கேட்டது. அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். கல்யாணம் நின்றது. அவர் மறுபடியும் கொழும்புக்குப் போய்விட்டார் என்று சொன்னார்கள். அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை.

இவ்வளவும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். பெரியப்பா ஏமாந்துவிட்டார், மோட்டாரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும், கோபத்தில் தப்பாக நினைத்துவிட்டார் என்று எனக்கு நானே சொல்லியிருப்பேன். அப்படிச் சொல்ல முடியாமல் போனது அடுத்த வருஷத்தால்.

அடுத்த வருஷம் அஷ்டமி. புது டிரைவர் நாலு பிளக்கையும் கழற்றிக் கொண்டுவந்து பின்வாசலில் வைத்தார். அதே கிணற்றடி, அதே புளி, அதே சாம்பல், அதே நாம் ஐந்து பேர். அத்தை சாவிக்கொத்திலிருந்து ஊக்கைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிவிட்டேன்.

அப்போது பெரியப்பா வந்தார். பெண்கள் பாத்திரம் விளக்குகிற இடத்துக்கு அவர் வந்து யாராவது பார்த்திருக்கிறோமா? வந்தார். நம் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கிணற்றுக் கட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஏட்டி, அந்தப் பிளக்கு வளையத்துக்குள்ள தோண்டாண்டாம். வெளியே மட்டும் தொடச்சு வைங்க."

"செரி அண்ணா," என்றாள் அத்தை.

அவர் திரும்பிப் போய்விட்டார். அத்தை என் கையிலிருந்து ஊக்கை வாங்கிச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டாள். ஒருவர் கையும் நிற்கவில்லை. தும்பு தேய்க்கிற சத்தம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த உம்மா மழையில் நின்று கேட்டது ஒரு வாக்கு. பெரியப்பாவிடம் அது இருந்தது. நாலு செம்பு வளையத்துக்காக அதை எடுத்துக்கொண்டு கிணற்றடி வரை நடந்து வந்தார், கோட்டாற்றுக்கு நடக்கவில்லை.

நான் அன்று வாயைத் திறக்கவில்லை. அம்மை கிள்ளிய தொடை நினைவுக்கு வந்தது. அந்த வெட்கம் என்னோடு இருக்கிறது, அதை நான் யார் தலையிலும் வைக்கவில்லை. ஆனால் அடுத்த பந்தியில் பிரதமன் வரும்போது கதையைத் தொடங்குகிறவர் யாரானாலும், ஒன்றை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். அன்று பெரியப்பா 'தோண்டாண்டாம்' என்று சொன்னபோது கிணற்றடியில் நாம் ஐந்து பேர் இருந்தோம். ஐந்து பேருக்கும் காது நன்றாகக் கேட்டது.